வேலையாகச் சென்ற ஊரும் பார்க்கச் சென்ற ஊரும்
வாசகர் கேள்வி – பதில்

வெளிநாட்டுப் பயணங்களைப் பற்றிய கேள்விகளை அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை எண்ணூர் முதல் பாரிமுனை வரையிலான வடசென்னைப் பகுதியிலிருந்து எழுதப்பட்டவை. துறைமுகமும் மீன்பிடித் துறையும் ஏற்றுமதிக் கிடங்குகளும் நிறைந்த இந்தப் பகுதியில், கடல் கடந்து சென்றுவந்த ஒருவராவது இல்லாத தெரு குறைவு. தோல் பொருள் ஏற்றுமதித் தொழிலில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், நான் அறிந்த அளவில் இவற்றுக்கு விடையளிக்கிறேன்.

கேள்வி: அலுவல் காரணமாகவும் குடும்பத்துடன் ஓய்வுக்காகவும் நீங்கள் பல நாடுகளுக்குச் சென்றிருக்கிறீர்கள். இவற்றில் எந்தப் பயணம் உங்கள் மனத்தில் ஆழமாக நின்றது?
— வாசகர், திருவொற்றியூர்

பதில்: தயக்கமின்றிச் சொல்வேன், அலுவல் பயணமே. அதற்கான காரணத்தை ஓர் ஊரை வைத்து விளக்கினால் தெளிவாக இருக்கும்.

இத்தாலியின் டஸ்கனி பகுதியில், ஃபுளோரன்ஸ் நகருக்கும் பீசா நகருக்கும் இடையே, ஆர்னோ ஆற்றின் கரையில் சாந்தா குரோச்சே என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. தோல் பதனிடும் ஆலைகளால் வாழும் ஊர் அது. ரயிலிலிருந்து இறங்கி ஆலைகளை நெருங்கும்போதே பதனிட்ட தோலின் மணம் வந்துவிடும். மாதவரத்திலும் பெரியமேட்டிலும் தோல் கிடங்குகளுக்கு அருகே நடந்து பழகிய எனக்கு அந்த மணம் அந்நியமாக இல்லை. நாங்கள் அனுப்பவிருந்த சரக்கின் மாதிரிகளை எடுத்துக்கொண்டு அங்குள்ள ஓர் ஆலைக்குச் சென்றபோது, அதன் மூத்த மேற்பார்வையாளர் என்னிடம் விலையைக் கேட்பதற்கு முன் மாதிரித் தோலை வளைத்துப் பார்த்தார், நகத்தால் கீறிப் பார்த்தார், பிறகு முகர்ந்து பார்த்தார். எந்த மரப்பட்டையில் பதனிட்டீர்கள் என்பதே அவர் கேட்ட முதல் கேள்வி.

தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் கொண்டு தோல் பதனிடும் முறை மிகவும் பழமையானது. பிற்காலத்தில் ஆவாரம்பட்டையின் இடத்தை, வாட்டில் என்னும் வேல மர வகையின் பட்டை பிடித்துக்கொண்டது. இந்த முறையில் உருவாகும் தோல், கிழக்கிந்தியத் தோல் என்ற பெயரில் உலகச் சந்தையில் அறியப்பட்டு, புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. டஸ்கனியில் செஸ்ட்நட் மரத்தின் சாறு, தென் அமெரிக்காவின் குவெப்ராச்சோ மரத்தின் சாறு, மிமோசா என்று அவர்கள் அழைக்கும் வாட்டில் பட்டையின் சாறு ஆகியவற்றைப் பயன்படுத்துகிறார்கள். ஆக, நாங்கள் இருவரும் ஒரே பட்டையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். மொழிபெயர்க்க வந்தவர் சில இடங்களில் சொல் கிடைக்காமல் நின்றபோதும் எங்கள் பேச்சு நிற்கவில்லை. அவர் என்னைச் சுழலும் மர டிரம்களுக்கு அருகே அழைத்துச் சென்று, ஊறல் நீரை எடுத்துக் காட்டி, எத்தனை வாரம் என்று விரல்களால் சொன்னார். மறுநாள் மதியம் அவருடைய வீட்டில் சாப்பிட்டேன். அவருடைய மகன் இந்தத் தொழிலுக்கு வர மறுத்துவிட்டதைப் பற்றி அவர் வருந்திப் பேசியதும், வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் நான் கேட்டிருந்த அதே வருத்தம்தான்.

சில ஆண்டுகள் கழித்து மனைவியையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அதே டஸ்கனிக்கு ஓய்வுப் பயணமாகச் சென்றேன். பீசாவின் சாய்ந்த கோபுரத்தைப் பார்த்தோம். 1990 முதல் 2001 வரை அதை மூடிவைத்து, சாய்வுக்கு எதிர்ப்புறத்தில் அடிமண்ணைச் சிறிது சிறிதாக அகற்றி, சாய்வை ஓரளவு குறைத்து மீண்டும் திறந்த பொறியியல் பணி பெரிதும் பாராட்டத்தக்கது. ஆயினும் அங்கே எங்களுக்காக யாரும் காத்திருக்கவில்லை. நுழைவுச்சீட்டு விற்பவரும் உணவு பரிமாறுபவரும் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள். நாங்கள் சென்ற அடுத்த நிமிடம் எங்களை மறந்திருப்பார்கள், அது இயல்பும்கூட. அலுவலாகச் செல்பவருக்கு அந்த ஊரில் ஒருவர் காத்திருக்கிறார். அவரிடம் கேட்பதற்கும் அவருக்குச் சொல்வதற்கும் செய்தி இருக்கிறது. இருவருக்கும் இடையே பொதுவான ஒரு பொருள் மேசைமீது கிடக்கிறது. அந்த ஊரை உள்ளிருந்து பார்க்கும் வாய்ப்பு அதனால்தான் அமைகிறது.

எனவே அந்த ஓய்வுப் பயணத்தின் நடுவே ஒரு நாளை ஒதுக்கி, பிள்ளைகளைச் சாந்தா குரோச்சேக்கு அழைத்துச் சென்றேன். அப்போது ஓய்வுபெற்றிருந்த அந்த மேற்பார்வையாளர் தம் பேரனுடன் வந்து ஆலையைச் சுற்றிக்காட்டினார். இத்தாலியைப் பற்றி இன்று என் பிள்ளைகளிடம் கேட்டால், கோபுரத்தைவிட அந்த ஆலையைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். ஓய்வுப் பயணத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. மனைவியோடு அவசரமின்றி நடப்பதற்கும், பிள்ளைகளோடு மூன்று வேளையும் சேர்ந்து உண்பதற்கும் அலுவல் பயணத்தில் இடமே இல்லை. சரக்கின் தரமும் கப்பலேறும் தேதியும், பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி அளிக்கும் உறுதிக் கடிதமுமே மனத்தை நிறைத்துக்கொண்டிருக்கும். நான் சொல்ல விரும்புவது இவ்வளவே: ஓய்வுக்காகச் செல்லும் பயணத்திலும் சிறிய காரியம் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரைச் சந்திப்பது, ஒரு பொருளைத் தேடுவது, ஒரு தொழிலைப் பார்ப்பது என்று எதுவாகவும் அது இருக்கலாம். அந்தக் காரியம் உங்களை அந்த ஊர் மனிதர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

கேள்வி: சரக்குக் கப்பலில் பொறியாளராக இருக்கிறேன். உலகின் பெரிய துறைமுகங்களுக்கெல்லாம் சென்றிருக்கிறேன் என்று உறவினர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள். உண்மையில் கிரேன்களைத் தவிர நான் எதையும் பார்த்ததில்லை. இதற்கு வழி உண்டா?
— வாசகர், ராயபுரம்

பதில்: உங்கள் கடிதம் என்னை மிகவும் பாதித்தது, தம்பி. காசிமேட்டிலும் ராயபுரத்திலும் கப்பல் வேலைக்குச் சென்ற பலரிடம் இதே ஏக்கத்தைக் கேட்டிருக்கிறேன். முற்காலத்தில் சரக்குகளை மூட்டை மூட்டையாக இறக்கி ஏற்றியபோது கப்பல் நாள் கணக்கில் துறைமுகத்தில் நின்றது. மாலுமிகள் ஊருக்குள் சென்று வர நேரம் இருந்தது. கன்டெய்னர்கள் வந்த பிறகு பெரிய கப்பல்கூட ஒரு நாளுக்குள் வேலையை முடித்துக்கொண்டு புறப்பட்டுவிடுகிறது. புதிய துறைமுக முனையங்களும் ஊரிலிருந்து வெகுதொலைவில் கட்டப்படுகின்றன.

இருந்தாலும் கரைக்குச் சென்று வருவது முதலாளியின் தயவைப் பொறுத்த விஷயம் அன்று. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, மாலுமிகளின் உடல்நலத்திற்காகவும் மனநலத்திற்காகவும் கரை விடுப்பு அளிக்கப்பட வேண்டும் என்று கூறுகிறது. இந்தியா 2015இல் அதை ஏற்று உறுதி செய்திருக்கிறது. பணி நேரத்திற்கும் கப்பலின் பாதுகாப்பிற்கும் இடையூறு இல்லாதபோது அதைக் கேட்டுப் பெறுங்கள். பெரிய துறைமுகங்கள் பலவற்றில் மாலுமிகளுக்கான நலமையங்கள் இருக்கின்றன. வாயிலிலிருந்து ஊருக்குச் செல்ல வண்டி, வீட்டுக்குப் பேச இணைய இணைப்பு, சற்றே உட்கார்ந்து இளைப்பாற இடம் ஆகியவற்றை அவை ஏற்பாடு செய்து தருகின்றன. கப்பல் கரையைத் தொடும் முன்பே அங்குள்ள மையத்தைத் தொடர்புகொண்டால் நேரம் வீணாகாது.

இரண்டு மணி நேரமே கிடைத்தாலும் புகழ்பெற்ற இடத்தைத் தேடி ஓட வேண்டாம் என்பது என் கருத்து. முடிதிருத்தும் கடை ஒன்றுக்குச் சென்று முடி வெட்டிக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் ஓர் உள்ளூர்க்காரரின் அருகே அமர்ந்திருப்பீர்கள். அவர் எந்த ஊர் என்று கேட்பார். காத்திருக்கும் மற்றவர்களும் பேச்சில் கலந்துகொள்வார்கள். கரையில் கழிக்கும் குறுகிய நேரத்திற்கு அதைவிடப் பொருத்தமான காரியம் எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: மண்ணடியில் இரும்புச் சாமான் மொத்த வியாபாரம் செய்கிறேன். இதுவரை இடைத்தரகர் மூலமாகவே சீனச் சரக்கை வாங்கினேன். இந்த முறை குவாங்சோ பொருட்காட்சிக்கு நேரில் செல்ல விரும்புகிறேன். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? ஹலால் உணவு கிடைக்குமா?
— வாசகர், மண்ணடி

பதில்: நேரில் செல்வது நல்ல முடிவு. கேன்டன் பொருட்காட்சி என்று வணிகர்கள் அழைக்கும் இந்தக் கண்காட்சி 1957இல் தொடங்கியது. ஆண்டுக்கு இருமுறை, வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும், மூன்று கட்டங்களாக நடைபெறுகிறது. உங்கள் கவனத்திற்கு உரியது முதல் கட்டம். மின்சாதனங்கள், இயந்திரங்கள், இரும்புச் சாமான்கள், கைக்கருவிகள் ஆகியவை அதில்தான் இடம்பெறும். இரண்டாம் கட்டத்தில் வீட்டுப் பொருள்களும் பரிசுப் பொருள்களும், மூன்றாம் கட்டத்தில் துணிவகைகளும் இருக்கும். கட்டம் மாறிச் சென்றுவிட்டால் உங்கள் சரக்கை விற்பவர் ஒருவர்கூட அங்கே இருக்கமாட்டார் என்பதால், விமானச்சீட்டு வாங்கும் முன் அந்தப் பருவத்தின் தேதிகளைப் பொருட்காட்சியின் இணையதளத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். வாங்குபவராக முன்கூட்டியே பதிவு செய்துகொள்வதும் அவசியம். சீனாவில் வணிகத்திற்கும் சுற்றுலாவுக்கும் விசா வகை வேறு. நீங்கள் விண்ணப்பிக்க வேண்டியது வணிகத்திற்கான எம் வகை விசா.

கடையில் நிற்பவர் உற்பத்தியாளரா, வாங்கி விற்பவரா என்பதை முதலில் அறியுங்கள். நிறுவனத்தின் உரிமச் சான்றைக் காட்டச் சொல்வதில் தவறில்லை; அங்கே அனைவரும் கேட்கிறார்கள். முப்பது சதவீதம் முன்பணம், மீதி கப்பல் ரசீதின் நகலைக் கண்டபின் என்பது பரவலான வழக்கம். முன்பணத்தை நிறுவனத்தின் வங்கிக் கணக்கிற்கே அனுப்புங்கள். தனிநபர் கணக்கைக் கொடுத்தால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள். சரக்கு கன்டெய்னரில் ஏறும் முன் சோதனை செய்வதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன. அதற்கு ஆகும் செலவு, திருப்பி அனுப்ப முடியாத சரக்கினால் வரும் இழப்புக்கு முன் மிகச் சிறியது. நம் நாட்டில் சில இரும்புச் சாமான்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் சான்று கட்டாயமாக்கப்பட்டுள்ளது. நீங்கள் வாங்கும் பொருள் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்பதை உங்கள் சுங்க முகவரிடம் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள். இல்லாவிட்டால் சரக்கு துறைமுகத்திலேயே தேங்கி, வாடகை ஏறிக்கொண்டிருக்கும்.

நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் கூகுள் வரைபடமும் வாட்ஸ்அப்பும் அங்கே இயல்பாக வேலை செய்யாது. அலிபே, வீசாட் ஆகிய செயலிகளில் வெளிநாட்டு வங்கி அட்டையை இணைக்க இப்போது வழி இருக்கிறது. அதைச் சென்னையிலேயே செய்துவிடுங்கள். தங்கும் விடுதியின் பெயரையும் முகவரியையும் சீன எழுத்தில் ஒரு தாளில் அச்சிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹலால் உணவைப் பற்றிக் கவலை வேண்டாம். உலகெங்கிலுமிருந்து வணிகர்கள் வரும் நகரம் என்பதால் அரபு, துருக்கிய, இந்திய உணவகங்கள் இருக்கின்றன. வடமேற்குச் சீனாவின் முஸ்லிம்கள் நடத்தும் நூடுல்ஸ் கடைகளும் பல இடங்களில் உண்டு. வெள்ளிக்கிழமை அங்கே இருக்க நேர்ந்தால் ஹுவாய்ஷெங் பள்ளிவாசலுக்குச் செல்லுங்கள். சீனாவின் மிகப் பழமையான பள்ளிவாசல்களில் அது ஒன்று. ஏறத்தாழ 36 மீட்டர் உயரமுள்ள அதன் மினாரா, ஆற்றில் வந்த மரக்கலங்களுக்கு ஒரு காலத்தில் கலங்கரை விளக்கமாகவும் பயன்பட்டதாகச் சொல்லப்படுகிறது.

மேலும் சில நாள்கள் உங்களுக்கு ஒதுக்க முடியுமானால், அதிவேக ரயிலில் ஃபுஜியன் மாகாணத்தின் சுவான்சோ நகருக்குச் சென்று வருமாறு உங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த, தமிழும் சீனமும் பொறித்த கல்வெட்டு கிடைத்த ஊர் அது. தமிழ் வணிகர்கள் அங்கே சிவன் கோயில் எழுப்பியிருந்தார்கள். அந்தக் கோயில் சிற்பங்கள் சிலவற்றை அங்குள்ள கடல்சார் அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம். அரபு மொழியில் பொறித்த முஸ்லிம் வணிகர்களின் கல்லறைக் கற்களும் அதே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சரக்கு வாங்கச் செல்லும் தமிழ் வணிகர் ஒருவர், தமக்கு எழுநூறு ஆண்டுகளுக்கு முன் அதே கரைக்குச் சரக்கோடு சென்றவர்கள் விட்டுச்சென்ற கற்களைப் பார்க்காமல் திரும்புவது எனக்கு மனம் ஒப்பாத காரியம்.

கேள்வி: என் கணவர் அலுவலக வேலையாக ஒரு வாரம் சிங்கப்பூர் செல்கிறார். என்னையும் உடன் வரச் சொல்கிறார். அவர் பகல் முழுவதும் வேலையில் இருப்பார். ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாத நான் தனியாக என்ன செய்வேன்? நான் வீட்டில் ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன்.
— வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: தயங்காமல் புறப்படுங்கள், அம்மா. உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலேயே விடை இருக்கிறது.

முதலில் நடைமுறைச் செய்திகள். இந்தியர்களுக்குச் சிங்கப்பூர் விசா தேவை. அங்கீகரிக்கப்பட்ட முகவர் மூலம் விண்ணப்பிக்க வேண்டும். பயணத்திற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம், பணம் கேட்கும் தளங்கள் அரசினுடையவை அல்ல. உங்கள் விமானச்சீட்டு, சாப்பாடு ஆகிய செலவுகளைக் கணவரின் அலுவலகக் கணக்கிலிருந்து தெளிவாகப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். விடுதி அறையில் இருவர் தங்குவதை அவர் தம் அலுவலகத்திற்கு முன்கூட்டியே தெரிவித்துவிடுவது நல்லது.

மொழியைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிகளில் தமிழும் ஒன்று. தொடர்வண்டியில் லிட்டில் இந்தியா நிலையத்தில் இறங்கினால் எதிரே தேக்கா சந்தை. கீழே காய்கறியும் மீனும், மேல் தளத்தில் துணிக்கடைகளும் தையல்காரர்களும் இருக்கிறார்கள். அங்கே தைப்பவர்களோடு பேசுங்கள். கூலி என்ன, எந்தக் கழுத்து வெட்டு இப்போது விரும்பப்படுகிறது, நூலும் லைனிங் துணியும் எங்கிருந்து வருகின்றன என்று கேளுங்கள். பிறகு ஒரு நாள் அரபுத் தெருவுக்குச் செல்லுங்கள். எம்.சி. ரோட்டில் துணி வாங்கிப் பழகிய கண்ணுக்கு அங்குள்ள பட்டு, பாத்திக், லேஸ் வகைகள் பெரும் விருந்து. தரத்தையும் விலையையும் உங்களால் உடனே எடைபோட முடியும், உங்கள் கணவரால் முடியாது. சில மாதிரிகளை வாங்கிவந்தால் உங்கள் தொழிலுக்கும் பயன்படும்.

நடக்க விருப்பமிருந்தால் தெலுக் ஆயர் தெருவில் 1830ஆம் ஆண்டளவில் கட்டி முடிக்கப்பட்ட நாகூர் தர்காவையும், சைனாடவுனில் 1827இல் நிறுவப்பட்ட மாரியம்மன் கோயிலையும் ஒரே காலையில் பார்த்துவிடலாம். மதிய வெயிலில் அலையாமல் தேசிய நூலகத்திற்குச் செல்லுங்கள். தமிழ் நூல்களுக்கென்று தனிப் பகுதியே இருக்கிறது.

கேள்வி: எழுபது வயதான என் தந்தை சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்பவர். அவரைக் குழுவோடு மலேசியாவுக்கு அனுப்பலாமா? வழியில் சாப்பிட என்ன கொடுத்தனுப்பலாம்?
— வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: மருத்துவர் அனுமதித்தால் தாராளமாக அனுப்பலாம், விமானத்தில் ஏறத்தாழ நான்கு மணி நேரம்தான். இன்சுலினைக் கைப்பையில் மட்டுமே வைக்க வேண்டும். சரக்குப் பகுதியின் குளிரில் அது உறைந்து கெட்டுவிடக்கூடும். மருத்துவரின் சீட்டை ஆங்கிலத்தில் எழுதி வாங்கி, மருந்துகளோடு சேர்த்து வையுங்கள். தேவைக்கு இருமடங்கு மருந்தை எடுத்துச் செல்வதும், அதை இரு பைகளில் பிரித்து வைப்பதும் பாதுகாப்பு. மலேசிய நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது என்பதால், ஊசி போடும் நேரத்தை எப்படி மாற்றுவது என்பதை மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். பத்துமலையில் 272 படிகள் இருக்கின்றன. குழுவினர் ஏறுகிறார்கள் என்பதற்காக அவரும் ஏற வேண்டியதில்லை. முருகன் சிலை அடிவாரத்தில்தான் நிற்கிறது.

இட்லிப் பொடி, முறுக்கு போன்றவை தொல்லை தராதவை. கொப்பரைத் தேங்காயை விமானத்தில் அனுமதிப்பதில்லை, அது எளிதில் தீப்பற்றும். கசகசா கலந்த மசாலாப் பொடியைத் தவிர்த்துவிடுங்கள். சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் கசகசா தடைசெய்யப்பட்ட பொருள் என்பதால், வழியில் விமானம் மாறுபவர்கள் அதனால் பெரும் சிக்கலுக்கு ஆளாக நேரிடும்.

கேள்வி: என் தாத்தா குடும்பத்தோடு ரங்கூனிலிருந்து கப்பலில் வந்து வியாசர்பாடியில் குடியேறியவர். அவர் பிறந்த தெருவைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு நெடுநாளாக உண்டு. சுற்றுலாவாக அங்கே செல்லலாமா?
— வாசகர், வியாசர்பாடி

பதில்: இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் நான் திரும்பத் திரும்பப் படித்தது உங்களுடையதுதான். 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ரங்கூன் மக்கள்தொகையில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர்கள். அவர்களில் தமிழர்கள் கணிசமானவர்கள். 1962இல் பர்மாவில் (இன்றைய மியான்மர்) ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் கடைகளும் நிறுவனங்களும் தேசியமயமாக்கப்பட்டபோது, ஈட்டியதை விட்டுவிட்டுக் கப்பலேறியவர்களே வியாசர்பாடியிலும் சுற்றுவட்டாரத்திலும் வாழ்வைப் புதிதாகத் தொடங்கினார்கள். பர்மா பஜாரும், கடற்கரை நிலையத்தை ஒட்டிய தெருக்களில் விற்கும் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் உணவும் அவர்கள் வழியாக நமக்கு வந்தவை.

ஆயினும் இப்போது செல்ல வேண்டாம் என்றே சொல்வேன். 2021 பிப்ரவரியில் ராணுவம் மீண்டும் ஆட்சியைக் கைப்பற்றியது முதல் அந்த நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டிருக்கிறது. உங்கள் குடும்பத்தாரைக் கவலையில் ஆழ்த்திவிட்டுச் செல்லும் பயணம் தாத்தாவுக்கும் மகிழ்ச்சி தராது. நம் வெளியுறவு அமைச்சகத்தின் அறிவுரை மாறும்வரை காத்திருங்கள்.

காத்திருக்கும் காலத்தில் செய்வதற்கு நிறைய வேலை இருக்கிறது. தாத்தாவோ அவர் தலைமுறையினரோ இருந்தால், தெருவின் பெயர், அருகிலிருந்த கோயில், கடை, பள்ளி என்று எல்லாவற்றையும் கேட்டு எழுதுங்கள். ரங்கூனின் தெருப்பெயர்கள் பல பிற்காலத்தில் மாற்றப்பட்டுவிட்டன. பெரியவர்கள் மொகல் தெரு என்று சொன்னால் அது இன்றைய ஷ்வேபொன்தா தெரு. ஃபிரேசர் தெரு என்றால் இன்றைய அனவ்ரதா சாலை. 1871இல் தமிழர்கள் கட்டிய காளி கோயில் அந்த அனவ்ரதா சாலையில்தான் இருக்கிறது, அதை வைத்து மற்ற இடங்களைக் கணக்கிடலாம். பழைய கடிதங்கள், கப்பல் சீட்டுகள், அகதிச் சான்றுகள் ஆகியவற்றைப் படமெடுத்துச் சேமித்துவையுங்கள். வியாசர்பாடியில் இன்னும் வாழும் மற்ற பெரியவர்களிடமும் கேட்டால், ஒருவர் மறந்ததை மற்றவர் நினைவூட்டுவார். நாளை அமைதி திரும்பி நீங்கள் புறப்படும்போது, எந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

கேள்வி: நண்பர்கள் தனிநபர் கடன் வாங்கி ஐரோப்பா சென்றுவருகிறார்கள். நானும் அப்படிச் செய்யலாமா?
— வாசகர், மணலி

பதில்: வேண்டாம். பத்து நாள் பயணத்திற்கு மூன்று ஆண்டுகள் தவணை கட்டுவது குடும்பத்திற்குச் செய்யும் நன்மை ஆகாது. வெளிநாடு பார்க்கும் விருப்பம் மட்டும் உண்மையானதாக இருந்தால் யாழ்ப்பாணத்திற்குச் செல்லுங்கள். 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திற்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் தொடங்கப்பட்டது. இடையில் நின்று 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது. மழைக்காலத்தில் நிறுத்திவிடுவார்கள் என்பதால் கால அட்டவணையையும் அப்போதைய விசா விதியையும் பார்த்துக்கொண்டு புறப்படுங்கள். நல்லூர்க் கோயிலும், எரிக்கப்பட்டு மீண்டும் எழுப்பப்பட்ட பொது நூலகமும், தமிழிலேயே பேசி நாலு மனிதர்களை அறியும் வாய்ப்பும் அங்கே இருக்கின்றன. ஐரோப்பாவுக்குப் பணம் சேர்த்த பிறகு செல்லலாம்.

கேள்வி: எண்ணூரிலிருந்து விமான நிலையத்திற்குப் போவதே பெரும் பயணமாக இருக்கிறது. எப்போது, எப்படிப் புறப்படுவது நல்லது?
— வாசகி, எண்ணூர்

பதில்: பன்னாட்டு விமானத்திற்கு மூன்று மணி நேரம் முன்பே நிலையத்தில் இருக்க வேண்டும். மெட்ரோ ஓடும் நேரமானால் அதையே நம்புங்கள். 2021 முதல் விம்கோ நகரில் ஏறி, வண்டி மாறாமல் விமான நிலையத்தில் இறங்கலாம், ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். வடசென்னைச் சாலைகளில் துறைமுகத்திற்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றுவிட்டால் கார் எப்போது போய்ச் சேரும் என்பதை யாராலும் சொல்ல முடியாது. ஆனால் நம் ஊரிலிருந்து வெளிநாடு செல்லும் விமானங்கள் பல நள்ளிரவுக்குப் பின்னரே புறப்படுகின்றன, மெட்ரோவோ இரவு பதினொரு மணியளவில் நின்று காலை ஐந்து மணிக்குத்தான் மீண்டும் தொடங்கும். அத்தகைய விமானமானால் இரவு எட்டரை, ஒன்பது மணிக்கே மெட்ரோவில் புறப்பட்டுச் சென்று, வீட்டில் கட்டிக்கொடுத்த உணவை நிலையத்தில் அமர்ந்து சாப்பிடுங்கள். பெரிய பெட்டிகள் இருந்தால் வீட்டார் ஒருவர் விமான நிலையம் வரை உடன் வந்து, கடைசி வண்டிக்கு முன் திரும்பிவிடலாம்.